பிறர் துயரம் பொதுச் சொத்தா?



தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பழைய லயத்து வீடுகளில் ஒரு வீட்டுக்கும் மறுவீட்டுக்கும் நடுவில் இருப்பது பெயருக்கு ஒரு சுவர். இரவில் அடுத்த வீட்டுப் பிள்ளை இருமினால் நமக்குக் கேட்கும். கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசினாலும் கேட்கும். விளக்கை அணைத்த பிறகு அடுத்த வீட்டுப் பெண் விம்மி அழுதால், அதுவும் கேட்கத்தான் செய்யும். கேட்காமல் இருக்க நாம் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

ஆனால் மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது, அந்த அழுகையை நாலு பேர் நடுவில் எடுத்துச் சொல்வது முறையா? “சுவர் மெல்லியது, என் காதில் தானாக விழுந்தது, அதனால் அது எனக்கும் சொந்தம்” என்று ஒருவர் வாதாடினால், நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்வார்களா? ஒருபோதும் மாட்டார்கள். காதில் விழுந்தது ஒன்று, அதை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை வேறொன்று என்பது நம் மக்கள் படிக்காமலே அறிந்த நெறி.

இன்றைய உரையின் பொருள் இந்த நெறிதான். ஆனால் இன்று சுவர் மாறிவிட்டது. தோட்டத்தில் இருப்பவர்களாகட்டும், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிவந்தவர்களாகட்டும், எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. மனத்தில் உள்ளதை முகநூலிலும் டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எழுதுகிறோம், பேசுகிறோம், பாட்டாகப் போடுகிறோம். அதை நம் உறவினரும் நண்பரும் மட்டுமே பார்க்கிறார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் வேறு சிலரும் பார்க்கிறார்கள். அவர்களில் மனநலத்தை ஆராயும் அறிஞர்களும் உண்டு.

அவர்கள் ஏன் பார்க்கிறார்கள்? முதலில் அதை நியாயமாகப் புரிந்துகொள்வோம். மனச்சோர்வு என்பது சோம்பல் அல்ல, செய்வினையும் அல்ல. அது ஒரு நோய். காய்ச்சலுக்குத் தெர்மோமீட்டர் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஒரு சொட்டு இரத்தம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மனச்சோர்வுக்கு அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. நோயாளி தாமாக வாய் திறந்து சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். பலர் சொல்வதில்லை. வெட்கம் ஒரு காரணம், பயம் ஒரு காரணம். ஆகவே, மருத்துவரிடம் சொல்லாததை மனிதர்கள் தங்கள் எழுத்தில் சொல்கிறார்களா என்று ஆராய்ச்சியாளர்கள் தேடத் தொடங்கினார்கள்.

2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவினர், அன்று டுவிட்டர் என்ற பெயரில் இருந்த, இன்று எக்ஸ் என்று அழைக்கப்படும் ஊடகத்தில் எழுதிவந்த 476 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, மனச்சோர்வு உண்டா இல்லையா என்று அறிந்தார்கள். பிறகு அவர்களுடைய எழுத்தைக் கணினி கொண்டு ஆராய்ந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் இரவு வேளையில் அதிகம் எழுதுகிறார்கள், பிறரோடு பேச்சுக் குறைகிறது, ‘நான்’, ‘எனக்கு’ போன்ற சொற்கள் கூடுகின்றன என்று தெரியவந்தது.

இதைவிட நமக்கு முக்கியமான இன்னோர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த நோயாளிகளிடம், “உங்கள் முகநூல் எழுத்தையும் உங்கள் மருத்துவக் குறிப்பையும் சேர்த்து ஆராய அனுமதி தருவீர்களா?” என்று கேட்டார்கள். சம்மதித்தவர்களில் 683 பேருடைய எழுத்து ஆராயப்பட்டது. அவர்களில் 114 பேருக்கு மனச்சோர்வு இருந்ததாக மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு ஏற்படுவதற்கு மூன்று மாதம் முன்பே அவர்களுடைய எழுத்தில் தனிமை, கண்ணீர், வலி என்று அடையாளங்கள் தெரிந்தன.

நேயர்களே, இந்த இரண்டாவது ஆய்வில் ஒன்றைக் கவனித்தீர்களா? “கேட்டார்கள்” என்று சொன்னேன். கேட்டார்கள், சம்மதித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வும் நடந்தது, மனிதனின் மானமும் காப்பாற்றப்பட்டது. ஆகவே இரண்டும் ஒருங்கே முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது.

2012-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஒரு வாரக் காலம், முகநூல் நிறுவனம் ஒரு சோதனை செய்தது. 689,003 பேரின் பக்கங்களில், நண்பர்கள் எழுதியவற்றில் மகிழ்ச்சியான செய்திகளைச் சிலருக்குக் குறைத்தார்கள். வருத்தமான செய்திகளை வேறு சிலருக்குக் குறைத்தார்கள். பிறகு அவரவர் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று பார்த்தார்கள். மாற்றம் மிகச் சிறியது, ஆனால் இருந்தது. மகிழ்ச்சியான செய்தி குறைந்தவர்களின் எழுத்தில் வருத்தம் சற்றே கூடியது. இந்த ஆய்வு 2014 ஜூன் மாதம் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓர் அறிவியல் ஏட்டில் வெளிவந்த பிறகுதான், இப்படி ஒன்று நடந்ததே மக்களுக்குத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்தது. “சேரும்போதே எங்கள் நிபந்தனைகளுக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டீர்களே” என்பதுதான் அவர்கள் பக்கத்து நியாயம். அடுத்த மாதமே அந்த ஏடு, சம்மதம் பெற்ற முறை குறித்துத் தன் கவலையை அச்சிட்டு வெளியிட்டது.

அந்த நிபந்தனைகளை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நம் பாட்டன்மார் ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. கைநாட்டு இருந்ததனால் அவர்கள் புரிந்து சம்மதித்தார்கள் என்று சொல்ல முடியுமா? படிக்க முடியாத நீண்ட நிபந்தனைக்குக் கீழே விரலால் ஒரு தட்டுத் தட்டுவதும் அந்தக் கைநாட்டுக்குத் தம்பிதான்.

இன்னோர் உதாரணம். இது நல்ல எண்ணத்தோடு தொடங்கியது. பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் என்றொரு தொண்டு அமைப்பு உண்டு. 1953-இல் தொடங்கியது. துன்பத்தில் இருப்பவர் தொலைபேசியில் பேசினால் பொறுமையாகக் கேட்பார்கள், இரகசியம் காப்பார்கள். அந்த அமைப்பு 2014 அக்டோபர் 29-ஆம் நாள் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் நீங்கள் சேர்ந்தால், டுவிட்டரில் நீங்கள் பின்தொடரும் எல்லாருடைய எழுத்தையும் கணினி கவனிக்கும். யாராவது மனம் உடைந்து எழுதினால் உங்களுக்குச் செய்தி வரும். ஆனால் கவனிக்கப்படுகிறவருக்கு, தாம் கவனிக்கப்படுவது தெரியாது. அவருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை.

எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? மனநோயோடு வாழ்பவர்களே பலர் எதிர்த்தார்கள். “நாங்கள் தளர்ந்திருக்கும் நேரத்தில் எங்களுக்கு உதவி செய்கிற நண்பனுக்கும் செய்தி போகும், எங்களைத் துன்புறுத்துகிற பகைவனுக்கும் அதே செய்தி போகுமே! இனி எங்கே போய் மனம் விட்டுப் பேசுவோம்?” என்பது அவர்கள் கவலை. பத்து நாட்களுக்குள், நவம்பர் 7-ஆம் நாள், அந்த ஏற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. 2015 மார்ச் மாதம் அடியோடு மூடப்பட்டது. உதவிக்காக வைத்த காவலே, பேசுகிறவன் வாயை அடைத்துவிடும் என்பது இதில் கிடைத்த பாடம்.

இனி, நம் நாட்டுப் பழைய வரலாறு ஒன்றைப் பார்ப்போம். கணினி இல்லாத காலத்தில் நடந்தது. சுமார் நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப் போகும், இதயம் செயலிழக்கும். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடையே இந்நோய் மிகுந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடையே அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார்.

இது உண்மையா என்று சோதிக்க, 1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் மறுபக்கம். ஒரு பிரிவுக்குத் தீட்டிய சயாம் அரிசி, மறுபிரிவுக்கு இந்தியப் புழுங்கலரிசி. தீட்டிய அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நெல்லைப் புழுக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்கி நிற்கிறது, தீட்டும்போது அது போய்விடுகிறது என்று பின்னாளில் தெளிவாயிற்று. அந்தச் சத்துதான் இன்று பி-1 என்று நாம் சொல்லும் வைட்டமின்.

இந்த ஆய்வால் உலகம் பயனடைந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசையில் நின்ற அந்த மனிதர்கள் மனநோய் விடுதிக்குள் அடைபட்டவர்கள். மறுத்துப் பேசும் நிலையில் இல்லாதவர்கள். இன்றைய நெறிப்படி அப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடைக்காது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1932 முதல் 1972 வரை, நாற்பது ஆண்டுகள், மேகநோய் கண்ட 399 ஏழைக் கறுப்பின ஆண்களை அரசாங்க மருத்துவர்கள் சிகிச்சையளிக்காமல் வெறுமனே கவனித்து வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குத்தகை நிலத்தில் பாடுபட்ட விவசாயத் தொழிலாளர்கள். “உங்கள் இரத்தம் கெட்டிருக்கிறது” என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்கள். பெனிசிலின் என்ற மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1997-இல்தான் அந்நாட்டு அதிபர் கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இப்படிப்பட்ட தவறுகளிலிருந்துதான் இன்றைய ஆய்வு நெறிகள் பிறந்தன. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் கூடி, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு விதிகள் வகுத்தது. அவற்றின் சாரம் எளிது. என்ன செய்யப்போகிறோம் என்று புரியும்படி சொல்ல வேண்டும். சம்மதம் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள விட வேண்டும். கெடுதல் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாரம் ஏழைக்கும் பலன் பணக்காரனுக்கும் என்று ஆகிவிடக் கூடாது.

“அதெல்லாம் ஊசி போடும் ஆய்வுக்கு. எழுத்தைப் படிப்பதால் யாருக்கு என்ன நட்டம்? எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டுப் பிறகு பார்க்காதே என்றால் எப்படி?” என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆகையால் நிதானமாகப் பதில் காண்போம்.

ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பெற்று மூன்று மாதம். இரவெல்லாம் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. “இந்தக் குழந்தையைப் பார்த்தால்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை” என்று முகநூலில் எழுதுகிறாள். தன் பள்ளித் தோழிகள் நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள் என்று எண்ணி எழுதியது அது. ஓர் ஆராய்ச்சியாளர் அந்த வரியை அப்படியே எடுத்துத் தம் கட்டுரையில் அச்சிடுகிறார். பெயரை நீக்கிவிட்டார், நல்லவர்தான். ஆனால் அந்த வரியை அப்படியே தேடுபொறியில் போட்டால் அவளுடைய பக்கம் திறந்துகொள்ளக்கூடும். பெயர் போனாலும் சொல் அடையாளம் காட்டிவிடுகிறது. நாளை அவள் அந்த வரியை அழித்துவிட்டாலும், கட்டுரையில் அது அழியாமல் நிற்கும். மாமியார் வீட்டார் பார்க்கலாம், வேலை கொடுப்பவர் பார்க்கலாம், காப்புறுதி நிறுவனம் பார்க்கலாம். மனநோயை இன்னும் பழியாக நினைக்கும் சமுதாயத்தில் இது சிறிய நட்டமா?

கணினியின் தவறு இன்னொரு தொல்லை. நம் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள்? தமிழ் பாதி, மலாய் பாதி, ஆங்கிலம் கொஞ்சம், அதுவும் பெரும்பாலும் உரோமன் எழுத்தில். “இன்றைக்கு வெயிலில் செத்தே போய்விட்டேன் லா” என்று ஒரு பையன் எழுதினால் நமக்குச் சிரிப்பு வரும். கணினி அதை ஆபத்தென்று குறித்துக்கொள்ளலாம். இன்னொரு பிள்ளை, “எனக்கு எல்லாம் போதும் அம்மா” என்று மட்டும் எழுதியிருப்பான். நம் நெஞ்சு பதறும். கணினி அதைக் கடந்து போய்விடலாம். இத்துறை ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தை வைத்தே நடந்திருக்கிறது. ஆகவே, நம் மொழியில் ஆய்வே வேண்டாம் என்று கதவை அடைத்துவிட்டால் நட்டம் நமக்கும்தான். ஆய்வு வேண்டும், நம்மைக் கேட்டு, நம் பேச்சு அறிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும்.

இலட்சக்கணக்கானோரின் எழுத்தைத் தொகுத்து ஆராயும்போது ஒவ்வொருவராகச் சம்மதம் கேட்பது நடக்கிற காரியமா? சில வேளைகளில் நடக்காது. அப்போதும் வழி உண்டு. மொத்தக் கணக்கை மட்டும் வெளியிடலாம். எவருடைய வரியையும் அப்படியே அச்சிடாமல் இருக்கலாம். உறுப்பினர் மட்டும் பேசிக்கொள்ளும் குழுவுக்குள் வேஷம் போட்டு நுழையாமல் இருக்கலாம். சிறுவர்களின் எழுத்தைத் தனிக் கவனத்தோடு விலக்கலாம். சேர்த்த எழுத்தைப் பூட்டி வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். இவை எல்லாவற்றையும் ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு நெறிமுறைக் குழு முன்கூட்டியே பார்த்து அனுமதிக்க வேண்டும். நம் நாட்டில் சுகாதார அமைச்சிடமும் பல்கலைக்கழகங்களிடமும் அத்தகைய குழுக்கள் உள்ளன.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய உடல்நலம், மனநலம் பற்றிய செய்தியை அது தனிக் காப்புக்குரியதாக வைத்திருக்கிறது. ஆனால் அது வாணிபக் கொடுக்கல் வாங்கலுக்கான சட்டம். மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. ஆய்வுக்கும் சில விலக்குகள் தருகிறது. ஆகவே சட்டம் ஒரு வேலிதான். வேலியில் இடைவெளி உண்டு என்று அறிந்துகொண்டு நாமும் காவல் இருக்க வேண்டும்.

தாய்மார்களே, பெரியோர்களே, நாம் செய்யக்கூடியது என்ன?

யாராவது ஆய்வு என்று வந்தால் விரட்ட வேண்டாம், உடனே கையெழுத்தும் போட வேண்டாம். கேளுங்கள். நீங்கள் யார், எந்த நிலையம், எந்தக் குழு அனுமதி தந்தது? என்னிடமிருந்து எதை எடுக்கிறீர்கள், எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், வேறு யாருக்குக் கொடுப்பீர்கள்? நான் பிறகு வேண்டாமென்றால் நீக்கிவிடுவீர்களா? நேர்மையான ஆராய்ச்சியாளர் இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். முகம் சுளிப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் எழுதுவதை யார் யார் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டைச் சரிபாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையிடமே கற்றுக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நாம் பிறரைப் பற்றிச் சொல்லும் குறையை நாமே செய்யாதிருப்பது. ஆராய்ச்சியாளராவது ஒரு குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நாமோ, அடுத்த வீட்டுப் பெண் மனமுடைந்து எழுதியதைப் படம் பிடித்து, “பார்த்தீர்களா இவள் கதையை” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். அது ஆய்வும் இல்லை, உதவியும் இல்லை. அப்படி எழுதியவள் நமக்குத் தெரிந்தவள் என்றால் எழுந்து போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். “தங்கச்சி, சாப்பிட்டியா? தூங்கினியா?” என்று கேட்போம். உயிரைப் பற்றிப் பேசுகிறாள் என்றால் தனியே விடாமல், அருகிலுள்ள கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ கூட்டிச் செல்வோம்.

போலீசுக்குப் பயந்து மறைக்கவும் தேவையில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த 309-ஆம் பிரிவு 2023-இல் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அது இன்று குற்றமல்ல, சிகிச்சைக்குரிய துன்பம். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

நேயர்களே, அந்தக் காலத்து லயத்தில் அழுகைச் சத்தம் கேட்டால் நல்ல அண்டைவீட்டார் என்ன செய்தார்கள்? இரவில் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். காலையில் ஒரு குவளைக் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்து, “என்னம்மா, முகம் வாடியிருக்கே?” என்று மெல்லக் கேட்பார்கள். சொல்ல விரும்பினால் அவள் சொல்வாள். விரும்பாவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவாள். ஆராய்ச்சியாளர்களும் அந்தப் பெரியவர்களைப் போல் முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.